மட்கலமும் கலப்புக் கண்ணாடிப்பூச்சும்: தொழில்நுட்பமும் சமூக அடிப்படையும்

களனி கங்கை கடலோடு சேரும் முகத்துவாரத்தை அடுத்துள்ள மட்டக்குளியில், வீடொன்றின் பின்கட்டிலே வைக்கப்பட்ட சிறிய மின்சூளையில் 25 பரிசோதனை ஓடுகளைச் சுட்டெடுத்த அனுபவமே இக்கட்டுரைக்கு உடனடித் தூண்டுகோலாயிற்று. இலக்கிய ஆய்வில் ஈடுபட்ட ஒருவன் சூளைக்கு முன் சென்று நிற்பதற்கு ஒரு காரணமுண்டு. கலையில் உள்ளடக்கத்தையும் உருவத்தையும் பற்றிப் பேசுவோர் பலர், உருவத்தைப் பொருளின் மேற் பூசப்பட்ட மினுக்கமாகவே கருதுகின்றனர். மட்கலத்தின் மினுக்கம் உண்மையில் எவ்வாறு உண்டாகிறது என்பதை அறிந்தால் இக்கருத்தின் போதாமை புலனாகும் என்ற எண்ணமே என்னை அங்கு இட்டுச்சென்றது. ஓடுகள் சூளையிலிருந்து வெளிவந்தபோது அயல்வீட்டு அம்மா ஒருவர் கேட்ட கேள்வி அவ்வெண்ணத்தைப் பெரிதும் விரிவுபடுத்திற்று. அக்கேள்வியைப் பின்னர்க் கூறுவேன்.

பூச்சு என்பது யாது?

பட்டறைகளில் 'கிளேஸ்' என்றே வழங்கும் கண்ணாடிப்பூச்சு, கலத்தின் மேற்பரப்போடு உருகி ஒட்டிய மெல்லிய கண்ணாடிப் படலமாகும். கண்ணாடியை ஆக்குவது சிலிக்கா. அது தனித்து உருகுவதற்கு ஏறத்தாழ 1710 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். குயவர் சூளைகள் இவ்வெப்பத்தை எட்டுவதில்லை. எனவே சிலிக்காவை இளக்கும் பொருள்கள் சேர்க்கப்படுகின்றன: சுண்ணாம்பு, சோடா, பொட்டாசு, தாழ்ந்த வெப்பச் சூளைகளாயின் ஈயம் அல்லது போரன். உருகிய பூச்சு கலத்திலிருந்து வழிந்துவிடாது நிற்பதற்கு அலுமினா வேண்டும். அலுமினாவும் சுண்ணாம்பும் தனித்தனியே சிலிக்காவினும் கூடிய வெப்பத்தில் உருகுவன. ஆயினும் சிலிக்கா 62, சுண்ணாம்பு 23, அலுமினா 15 என்ற அளவிற்கு அண்மையில் மூன்றையும் கலந்தால் அக்கலவை 1170 பாகையில் உருகிவிடுகிறது. உருகாத மூன்று பொருள்கள் ஒன்றையொன்று உருக்குகின்றன. அளவில் ஏற்படும் மாற்றம் குணத்தில் மாற்றமாக முதிர்வதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. பூச்சு உருகும்போது கலத்தின் களிமண்ணிலும் ஒரு பகுதியைக் கரைத்துத் தன்னுட் கொள்கிறது. கலத்திற்கும் பூச்சிற்கும் இடையே இரண்டும் கலந்த ஒரு படை உருவாகிறது. மினுக்கம் மேலே ஒட்டப்பட்ட அணி அன்று என்பது இதனாற் பெறப்படும்.

பூச்சில்லாக் கலத்தின் நியாயம்

தமிழர் மட்கல மரபு பெரும்பாலும் கண்ணாடிப்பூச்சு அறியாதது. ஆதிச்சநல்லூர், பொம்பரிப்பு, கந்தரோடை ஆகிய இடங்களிற் கிடைத்த கருஞ்சிவப்புக் கலங்கள், பூச்சின்றியே ஒரே களிமண்ணில் இரு நிறங்களைக் காட்டுவன. காற்றுப் படாத பகுதி கறுத்தும் படும் பகுதி சிவந்தும் வருமாறு தீயை ஆண்ட திறன் அது. புறநானூற்றின் 228 ஆம், 256 ஆம் பாடல்கள் இரண்டும் குயவனை விளித்து ஈமத்தாழி பற்றியே பேசுகின்றன. சமூகம் தன் மிகப் பெரிய துயரத்தை உரைக்கும் வேளையில் உழைப்பாளி ஒருவனை நேர்நின்று விளித்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

கண்ணாடிப்பூச்சு இங்கு அறியப்படாத பொருளுமன்று. மாந்தையில் 1980 முதல் 1984 வரை நடைபெற்ற அகழ்வுகளிலும் அல்லைப்பிட்டியிலும் பூச்சிட்ட சீனக் கலங்கள் கிடைத்துள்ளன. மாந்தையில் மேற்காசியக் கலங்களும் உள. 1998 இல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே கண்டறியப்பட்ட 9 ஆம் நூற்றாண்டுக் கப்பலில் ஏறத்தாழ 60,000 சீனக் கலங்கள் இருந்தன. அவற்றுட் பெரும்பாலானவை சாங்ஷா சூளைகளின் கிண்ணங்கள். கையால் வனையப்பட்டுக் கையால் தீட்டப்பட்ட கலமும் அன்றே சந்தைக்கான பண்டமாகிவிட்டது.

கண்முன் இருந்த இத்தொழில்நுட்பத்தை நம் குயவர் ஏன் மேற்கொள்ளவில்லை? இதைப் பின்தங்கிய நிலை என்று கூறிவிடுதல் எளிது, ஆனால் பிழை. கிராமச் சூளைகள் பொதுவாக 700 முதல் 900 பாகை வரையே எட்டுவன. அவ்வெப்பத்தில் நுண்துளைகள் மிகுந்திருக்கும் கலமே கிடைக்கும். அத்துளைகளினூடாகக் கசிந்து ஆவியாகும் நீரே குடத்து நீரைக் குளிரச் செய்கிறது; அடுப்பின் திடீர் வெப்பத்தை அச்சட்டி வெடிக்காது தாங்குவதற்கும் அத்துளைகள் உதவுகின்றன. வெப்பநாட்டு வாழ்விற்குப் பூச்சில்லாக் கலமே பொருத்தமானது. அதனோடு, பொங்கலுக்கும் மரணச் சடங்கிற்கும் புதுக்கலம் வேண்டும் என்ற வழக்கம் கலத்தை விரைவில் மாற்றவேண்டிய பொருளாக்கிற்று. மலிவும் தேவையும் தொடர்ந்தன; சூளையை உயர்வெப்பத்திற்கு மாற்றுவதற்கான மிகைச் செல்வம் சாதியால் தாழ்த்தப்பட்ட குயவர் கையில் ஒருபோதும் சேரவில்லை. இயற்கைக் காரணியும் சமூகக் காரணியும் இங்கு பிரிக்கமுடியாதவாறு இணைந்துள்ளன.

ஒன்றின்மேல் ஒன்று

இனி, கலப்புப் பூச்சிற்கு வருவோம். இரு பூச்சுகளைச் சேர்ப்பதற்கு இரு வழிகள் உள. ஒன்று, வாளியிலேயே இரண்டையும் குறித்த விகிதத்திற் கலத்தல். நூற்றுக்குப் பத்துப் பத்தாக விகிதத்தை மாற்றிச் சென்றால் 11 ஓடுகளில் ஒரு வரிசை முடியும். மூன்று பூச்சுகளை இருபது இருபதாக மாற்றினால் 21 ஓடுகள் கொண்ட முக்கோணம் அமையும். மற்றையது, கலத்தை ஒரு பூச்சில் தோய்த்துச் சற்று உலரவிட்டு மற்றையதில் தோய்த்தல். முதல் வழியில் எங்கும் ஒரே கலவை உண்டாகும். இரண்டாவதில் கீழிருந்து மேலாகக் கலவையின் அளவு மாறிக்கொண்டே செல்லும். அடுக்குப் பூச்சில் நாம் காணும் கோடுகளும் புள்ளிகளும் நிறத் தாரைகளும் அம்மாற்றத்தின் தடயங்களே.

அடுக்கும்போது வரிசையும் முக்கியமானது. 'அ'வின் மேல் 'ஆ' இட்டதும், 'ஆ'வின் மேல் 'அ' இட்டதும் ஒன்றல்ல. கீழ்ப்பூச்சிலிருந்து எழும் வாயுக் குமிழிகள் மேற்பூச்சைத் துளைத்துக்கொண்டு வெளியேறும்போது கீழுள்ள நிறத்தை மேலே கொணர்கின்றன. எளிதில் ஓடும் பூச்சு மேலிருந்தால் தாரை விழும். அது கீழிருந்தால் மேற்பூச்சையும் இழுத்துக்கொண்டு ஓடும். இதனால் ஐந்து பூச்சுகளைச் சோதிப்பதற்குத் தனி ஓடுகள் 5, வரிசை மாற்றிய இரட்டைகள் 20, ஆக 25 ஓடுகள் வேண்டும்.

நான் எடுத்துக்கொண்ட அடிப்படைக் கலவை, ஆங்கிலக் குயவர் பேர்னாட் லீச்சின் பெயரோடு வழங்குவது: பெல்ஸ்பார் 40, சிலிக்கா 30, கல்சியம் காபனேற்று 20, வெண்களி 10. இது முதலாவது. அதனோடு இரும்பொட்சைட்டு 2 பங்கு சேர்த்தது இரண்டாவது. 9 பங்கு சேர்த்தது மூன்றாவது. ரூற்றைல் 6 பங்கு சேர்த்தது நான்காவது. பெல்ஸ்பார், விறகுச் சாம்பல், உமிச் சாம்பல் ஆகியவற்றை ஏறத்தாழச் சம அளவிற் கலந்தது ஐந்தாவது. உமிச் சாம்பலில் மிகப் பெரும் பகுதி சிலிக்கா என்பதால் அது பாலாடை போன்ற வெண்மையைத் தரும். சூடேற்றம் 1250 பாகை.

மூன்றாவதன் கருங்கபிலத்தின் மேல் நான்காவதை இட்ட ஓட்டில், விளிம்பிற் கபிலமும் கீழே வெண்மஞ்சளும் இடையிடையே இளநீலத் தாரைகளும் தோன்றின. வரிசையை மாற்றியபோது நீலம் மறைந்து, கருமையிற் சிதறிய பொன்னிறப் புள்ளிகளே எஞ்சின. நீலம் தரும் கோபாற்று எதிலும் இல்லை. அந்நீலம் எங்கிருந்து வந்தது? சில கலவைகள் உருகிய நிலையில், எண்ணெயும் நீரும் போல, ஒன்றோடொன்று சேராத இரு கண்ணாடித் திரவங்களாகப் பிரிகின்றன. அந்நுண்துளிகள் ஒளியின் நீலப் பகுதியைக் கூடுதலாகச் சிதறச் செய்கின்றன. வானம் நீலமாகத் தோன்றுவதற்கான காரணமும் இதனோடு உறவுடையதே. சொங் காலச் சீனத்தின் ஜுன் கலங்களின் நீலமும் இவ்வாறு பிறந்ததே. தனித்தனியே எப்பூச்சிலும் இல்லாத ஒரு பண்பு அவற்றின் எல்லையிற் பிறக்கிறது.

குறைகளும் கூறவேண்டும். சாம்பற் பூச்சைத் தடிப்பாக மேலிட்ட ஓடுகளில், கீழ்ப்படை பொடியாக உலர்ந்திருந்தமையால் மேற்படை பிடிப்பிழந்து சுருண்டு களியை வெறுமையாக்கிற்று. இரண்டு ஓடுகளிற் பூச்சு வழிந்து தட்டோடு ஒட்டிக்கொண்டது. பூச்சின் விரிவுக் குணகம் களியினதிலும் கூடியவிடத்துக் குளிரும்போது மயிர்வெடிப்பு ஏற்படும். எனவே ஓடுகளை நிமிர்த்தி வைத்துச் சுடுதல், அடியில் வழிதட்டு வைத்தல், தோய்த்த நேரத்தைச் செக்கன்களிற் குறித்தல், சூளையில் ஓடு இருந்த இடத்தைப் பதிதல் ஆகியன இன்றியமையாதன. பதிவற்ற அழகு மீண்டும் வராது.

அயல்வீட்டு அம்மாவின் கேள்வி

நீலத் தாரை விழுந்த ஓட்டைக் கையில் எடுத்துப் பார்த்த அந்த அம்மா கேட்டார்: "வடிவாத்தான் இருக்கு தம்பி. இப்பிடி ஒரு சாடி செய்தால் அதுக்குள்ள தேசிக்காய் ஊறுகாய் போட்டு வைக்கலாமா?"

அழகியல் நூல்கள் பல கேளாது விட்ட கேள்வி இது. தேசிக்காயும் புளியும் வினாகிரியும் அமிலங்கள். செவ்வனே உருகாத, அல்லது சிலிக்காவும் அலுமினாவும் குறைந்த பூச்சிலிருந்து உலோகங்களை அவை கரைத்தெடுக்கும். கலப்புப் பூச்சில் இவ்வபாயம் மறைந்து நிற்கும். தனித்து உறுதியான இரு பூச்சுகள் சேர்ந்த இடத்திலுள்ள கண்ணாடி, எவரும் கணக்கிடாத மூன்றாவது கலவையாகும். ஈயப் பூச்சோடு செம்பு சேரும்போது ஈயம் கரைந்து வெளியேறுவது பன்மடங்கு கூடுகிறது என்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை. பச்சை நிறத்திற்காகச் செம்புப் பூச்சை ஈயப் பூச்சின் மேல் இடுபவர் நஞ்சை ஆக்குகிறார். ஓட்டின் பாதியை வினாகிரியில் ஒருநாள் அமிழ்த்தி நிறமும் மினுக்கமும் மாறுகின்றனவா எனப் பார்ப்பது முதற் சோதனை. மாறினால் அப்பூச்சு உணவுக்கு ஆகாது. மாறாவிடினும் ஈயம் இல்லை என்பதற்கு அது சான்றாகாது. ஆய்வுகூடங்களில் 4 வீத அசற்றிக்கமிலத்தில் 24 மணிநேரம் வைத்துக் கரைந்த உலோகத்தை அளக்கும் முறையே நம்பத்தக்கது. என் பூச்சுகளில் ஈயமோ செம்போ இல்லை. ஆயினும் ஊறுகாய்ச் சாடிக்கு உட்புறம் தனிப்பூச்சும் வெளிப்புறம் மட்டும் கலப்புப் பூச்சுமே தகும் என்று அவரிடம் கூறினேன்.

பாவிப்பவரின் உடலுக்கு முன்னரே செய்பவரின் உடல் பாதிக்கப்படுகிறது. 'மூலதனம்' முதற்பாகத்தில் வேலைநாள் பற்றிய அதிகாரத்தில், இங்கிலாந்தின் ஸ்ரபட்ஷயர் மட்பாண்டத் தொழிலை மார்க்ஸ் எடுத்துக்காட்டுகிறார். ஏழு வயது பத்து மாதத்தில் வேலைக்குச் சேர்ந்த ஒன்பது வயதுச் சிறுவன் வில்லியம் வூட், காலை ஆறு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை அச்சுக்களோடு கலங்களை உலர்த்தும் அறைக்குச் சுமந்து ஓடினான். குயவரின் நெஞ்சு நோய்களைப் பற்றிய மருத்துவர் சாட்சியங்களும் அங்கு உள. சிலிக்காத் தூசி இன்றும் அதே நுரையீரல் நோயையே தருகிறது. உலர்ந்த பூச்சைத் துடைப்பத்தாற் கூட்டாது ஈரத் துணியால் துடைத்தல், பொடி கலக்கும்போது தகுந்த முகக்கவசம் அணிதல் ஆகியன நுண்கலைக்குப் புறம்பானவை என எண்ணலாகாது.

மூலப்பொருளும் அறிவும் யாருடையன?

இப்பரிசோதனைக்கு வேண்டிய பொருள்கள் யாவும் இந்நாட்டில் உள்ளன. வெண்களி பொரலஸ்கமுவவிலும் மீட்டியாகொடவிலும், பெல்ஸ்பார் மாத்தளைப் பகுதியிலும், சிலிக்கா மணல் நாத்தாண்டிய, அம்பன் முதல் வல்லிபுரம் வரையான கரையோரம் ஆகியவற்றிலும் உண்டு. நீலத் தாரையைத் தந்த ரூற்றைல், திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டைக் கரையின் கறுத்த மணலில் இல்மனைற்றோடு கிடைக்கிறது. அம்மணல் பெருமளவும் மூலப்பொருளாகவே ஏற்றுமதியாகி வந்துள்ளது. சிறு குயவரின் கைக்கோ அது எட்டுவதில்லை. ஆனந்த குமாரசுவாமி இந்நாட்டின் கனிப்பொருள் அளவைக்குத் தலைமை தாங்கியவர். 'இடைக்காலச் சிங்களக் கலை' என்ற நூலை 1908 இல் வெளியிட்டவரும் அவரே. கனிப்பொருளும் கைவினையும் ஒரே மனிதரின் அறிவிற் சந்தித்தன. நாட்டின் பொருளாதார அமைப்பில் அவை இன்னும் சந்திக்கவில்லை.

1971 இல் ரே மீக்கரும் டெபரா ஸ்மித்தும் புதுச்சேரியில் நிறுவிய கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டப் பட்டறை இவ்விடத்திற் குறிப்பிடத்தக்கது. உயர்வெப்பக் கற்கலத் தொழில் அங்கு கற்பிக்கப்பட்டமையால் அப்பகுதியிற் பல சிறு பட்டறைகள் தோன்றின. சூளையும் பூச்சும் பற்றிய அறிவு பகிரப்படும்போது ஒரு வட்டாரத்தின் தொழிலே மாறும் என்பதற்கு இது சான்று. அதே வேளையில், அவ்வறிவு நகர்சார் கலைக்கூடங்களோடு நின்று பரம்பரைக் குயவர் தெருவை எவ்வளவு தூரம் எட்டியது என்ற வினாவும் எழாமலில்லை.

கலப்புப் பூச்சின் அழகைச் 'சூளை தந்த வரம்' என்று போற்றும் ஒரு மரபுண்டு. உழைப்பையும் அறிவையும் மறைத்து, விளைவை மட்டும் அதிசயமாக்கும் பார்வை அது. சூத்திரங்களை இரகசியமாகப் பூட்டிவைக்கும் வழக்கமும் இதன் மறுபக்கமே. 25 ஓடுகளையும் அவற்றின் அளவுகளோடும் குறைகளோடும் சுவரில் தொங்கவிட்டால் அதிசயம் குறையும், அறிவு பொதுவாகும். அடுத்தவர் அவ்விடத்திலிருந்து தொடங்கலாம். அயல்வீட்டு அம்மாவிற்கு உட்புறம் தனிப்பூச்சிட்ட ஒரு சாடி செய்து கொடுத்துள்ளேன். வினாகிரிச் சோதனையில் அது மாறவில்லை. ஆய்வுகூடத்தில் அளந்த பின்னரே ஊறுகாய் போடுவது என்று இருவரும் உடன்பட்டுள்ளோம்.