கரடிக்கு 30 ஆண்டு, கையிருப்பு எத்தனை மாதம்?

சூரியக் கரடியைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். நெஞ்சில் மஞ்சள் பிறை, சுமார் 20 சென்டிமீட்டர் நீளும் நாக்கு. உலகின் எட்டுக் கரடி இனங்களில் ஆகச் சிறியது இதுதான். சபா மாநிலம் சண்டாகானுக்கு அருகே, செப்பிலோக்கில் இவற்றுக்கென்றே ஒரு மறுவாழ்வு மையம் இருக்கிறது. வனவிலங்கு ஆய்வாளர் வோங் சியூ தே 2008இல் தொடங்கிய இந்த அமைப்பு, 2014இல் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்தது. தாயை வேட்டையில் இழந்த குட்டிகளும், வீட்டில் கூண்டில் அடைத்து வளர்க்கப்பட்டவையுமாக நாற்பதுக்கும் மேற்பட்ட கரடிகள் அங்கே இருக்கின்றன.

கரடிகளை விடுங்கள், அவற்றின் கணக்கைப் பார்ப்போம்.

காட்டில் குட்டி ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தாயோடு இருந்துதான் மரம் ஏறவும், கறையான் புற்றைத் தோண்டவும் கற்கிறது. தாய் இல்லாவிட்டால் அந்தப் பள்ளிக்கூடத்தை மனிதர்கள் நடத்த வேண்டும். தேறியதைக் காட்டில் விடுவதும் மலிவான வேலையல்ல. 2015இல் நத்தாலி என்ற கரடியைத் தபின் காப்பகத்தின் உட்பகுதிக்கு ஹெலிகாப்டரில்தான் கொண்டுபோனார்கள். கோரைப்பல் பிடுங்கப்பட்டவை, மனிதரை அண்டியே வளர்ந்தவை ஒருபோதும் திரும்ப முடியாமல் போகலாம். பராமரிப்பில் இந்த இனம் 30 ஆண்டுகள்கூட வாழும். ஆக, ஒரு குட்டியை ஏற்பது 30 ஆண்டுச் செலவை ஏற்பது. மானியங்களோ பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் முடிந்துவிடும்.

இடைவெளியை நிரப்புவதில் நுழைவுச்சீட்டுக்குப் பெரிய பங்குண்டு. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்ததும் சுற்றுப்பயணிகள் வரவு நின்றது. தொழிற்சாலை என்றால் உற்பத்தியை நிறுத்திச் செலவைக் குறைக்கலாம். இங்கே தீவனம், பராமரிப்பாளர், கால்நடை மருத்துவர் எதையும் நிறுத்த முடியாது.

இத்தகைய சிறிய அமைப்பின் ஆண்டறிக்கை உங்கள் கைக்கு வந்தால், மொத்தத் தொகையைக் கண்டு மயங்காதீர்கள். ஒரு கற்பனைக் கணக்கு: வங்கியில் 600,000 ரிங்கிட், மாதச் செலவு 50,000. ஓராண்டுக்குப் போதும் என்று தோன்றும். ஆனால் அதில் 450,000 புதிய கூண்டு கட்டுவதற்கென்றே கொடுக்கப்பட்டது. அதிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழம்கூட வாங்கக்கூடாது. உண்மையில் கையிருப்பு மூன்று மாதத்துக்குத்தான்.

பலரும் முதலில் கேட்பது, “நிர்வாகச் செலவு எத்தனை விழுக்காடு?” என்றுதான். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. கணக்காளருக்குச் சம்பளம் தராத அமைப்புக்குத் தன் கையிருப்பு மூன்று மாதமா, பன்னிரண்டு மாதமா என்பதே தெரியாது.

கொடுக்க நினைப்பவர்கள் எந்தத் திட்டத்துக்கும் ஒதுக்காமல், பொதுச் செலவுக்கென்று கொடுக்கலாம். ஆண்டில் ஒருமுறை 240 ரிங்கிட் தருவதைவிட மாதம் 20 ரிங்கிட் தருவது அடுத்த மாதத் தீவனத்தைத் திட்டமிட உதவும். வருமான வரிக் கழிவு வேண்டுமென்றால், அந்த அமைப்பு உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் அங்கீகாரம் பெற்றதா என்று முதலில் பாருங்கள், ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.