மருத்துவமனைக் குன்றில் குடியிருப்பு

கல்லூரி நகரங்களில் வாடகை ஏறிக்கொண்டே போவதை நாம் அறிவோம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஸ்மித் கல்லூரி அமைந்துள்ள நார்தாம்ப்டனும் அத்தகைய ஊரே. அங்கே ஒரு குன்றின்மேல் 1858-இல் திறக்கப்பட்ட அரசு மனநல மருத்துவமனை, 1993-இல் மூடப்பட்டது. 2000 நவம்பரில், பாழடைந்து கிடந்த அதன் முதன்மைக் கட்டடம் முழுவதும் ஒலிபெருக்கிகள் வழியாக, பாக் இசையமைத்த மரியாவின் புகழ்ப்பாடல் ஒலித்தது. தாழ்நிலையில் இருப்போர் உயர்த்தப்படுவதைச் சொல்லும் பாடல் அல்லவா!

பின்னர் அக்கட்டடம் இடிக்கப்பட்டது. அதை இழப்பென்றே நாம் கருதுகிறோம். எனினும் பழைய செங்கல் கட்டடங்கள் சில புதுப்பிக்கப்பட்டு, குறைந்த வாடகை வீடுகளும் கொண்ட குடியிருப்பாயின. இத்தகைய வீடுகளில் முதலீடு செய்வோருக்கு 1986 முதல் அந்நாட்டில் வரிச்சலுகை உண்டு. பதிலாக, வாடகையைப் பல ஆண்டுகள் ஏழைக் குடும்பங்களுக்கு எட்டும் அளவிலேயே வைத்திருக்க வேண்டும். குன்றின் புதிய வீடுகளில் ஒரு பகுதி, மனநலத் துறையின் உதவி பெறுவோருக்கென்றே ஒதுக்கப்பட்டது.