'திரும்பி வருவோம்' என்று கதவில் எழுதிவைத்த மக்கள்... 80 ஆண்டுகள் தாண்டியும் ஏன் திரும்ப முடியவில்லை? இங்கிலாந்தின் டைன்ஹாம் கிராமத்தில் நடந்தது என்ன?

ஒரு தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம், ஒரு தபால் நிலையம், வாசலில் ஒரு டெலிபோன் பூத். எல்லாம் இருக்கிறது. ஆனால் ஊரில் ஒருத்தர் கூட இல்லை!

இங்கிலாந்தின் தென்கடற்கரையில் உள்ள டோர்செட் மாவட்டத்தில் இருக்கிறது டைன்ஹாம் கிராமம். 1943-ம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பு இந்த ஊர் மக்கள் அத்தனை பேரும் வீட்டைக் காலி செய்துவிட்டு வெளியேறினார்கள். போகும்போது தேவாலயக் கதவில் ஒரு கடிதத்தை ஒட்டிவிட்டுப் போனார்கள். 'ஒருநாள் நாங்கள் திரும்பி வருவோம்' என்பது அதில் இருந்த முக்கியமான வரி.

ஆனால் அவர்களால் கடைசி வரை திரும்பி வரவே முடியவில்லை. அப்படி என்னதான் நடந்தது? விரிவாகப் பார்க்கலாம்.

டைன்ஹாம் எப்படிப்பட்ட ஊர்?

டோர்செட்டின் பர்பெக் பகுதியில், இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவே, கடலை நோக்கி இறங்கும் ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது டைன்ஹாம். ஊரிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால் வோர்பாரோ என்ற கடற்கரை வந்துவிடும்.

இது நேற்று உருவான ஊர் இல்லை. இங்கிலாந்து மன்னர் முதலாம் வில்லியமின் உத்தரவின்பேரில் 1086-ல் எடுக்கப்பட்ட புகழ்பெற்ற நிலக் கணக்கெடுப்பிலேயே இந்த ஊரின் பெயர் இருக்கிறது.

ஊர்க்காரர்களுக்கு விவசாயம்தான் பிழைப்பு. கடற்கரைப் பக்கம் இருந்தவர்கள் கானாங்கெளுத்தி மீன் பிடித்தார்கள். வீடுகளில் மின்சாரம் கிடையாது. ஒரு முக்கியமான விஷயம், பெரும்பாலானவர்களுக்குச் சொந்த நிலமும் கிடையாது, சொந்த வீடும் கிடையாது. ஊர் மொத்தமும் பாண்ட் என்ற ஜமீன் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தது. மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாடகைக் குடிகளாக வாழ்ந்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் பெரிய விஷயமாக மாறப்போகிறது.

1943-ல் என்னாச்சு?

இரண்டாம் உலகப் போரின் உச்சக்கட்டம் அது. ஜெர்மனியின் பிடியில் இருந்த பிரான்ஸ் கடற்கரையில் படைகளை இறக்க நேச நாடுகள் திட்டமிட்டுக்கொண்டிருந்தன. 1944 ஜூன் 6-ம் தேதி நார்மண்டியில் நடந்த அந்தப் படையிறக்கத்துக்கு முன்பு, டாங்கிப் படைகளுக்குக் கடுமையான பயிற்சி தேவைப்பட்டது.

டைன்ஹாமுக்குப் பக்கத்திலேயே லல்வொர்த் என்ற இடத்தில், முதல் உலகப் போர்க் காலத்திலிருந்தே டாங்கி பீரங்கிப் பயிற்சி நடந்து வந்தது. ஆனால் புதிய டாங்கிகளின் குண்டுகள் முன்பை விட அதிக தூரம் போகும். அதனால் சுடும் இடத்தைப் பெரிதாக்க வேண்டிய கட்டாயம். பக்கத்தில் இருந்த டைன்ஹாம் பள்ளத்தாக்கு அதற்குள் சிக்கிக்கொண்டது.

1943 நவம்பர் நடுவில் வீடு வீடாகக் கடிதம் வந்தது. டிசம்பர் 19-க்குள் எல்லோரும் காலி செய்துவிட வேண்டும் என்பதுதான் உத்தரவு. கையில் இருந்தது ஒரே ஒரு மாதம். பள்ளத்தாக்கில் இருந்த சுமார் 225 பேர் வெளியேறினார்கள். சுமார் 7,500 ஏக்கர் நிலம் ராணுவத்தின் கைக்குப் போனது.

யாரும் கலகம் செய்யவில்லை. நாட்டுக்காகச் செய்யும் தியாகம் என்றுதான் நினைத்தார்கள். அதைவிட முக்கியமாக, போர் முடிந்ததும் திரும்பி வந்துவிடலாம் என்று நம்பினார்கள்.

கதவில் ஒட்டிய கடிதத்தில் என்ன இருந்தது?

ஊரை விட்டுக் கிளம்பும்போது புனித மேரி தேவாலயக் கதவில் ஒட்டப்பட்ட கடிதம் அது. ராணுவ வீரர்களைப் பார்த்து எழுதப்பட்டது. 'தேவாலயத்தையும் வீடுகளையும் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மனிதர்கள் சுதந்திரமாக வாழ்வதற்கான இந்தப் போரில் ஜெயிக்க, தலைமுறைகளாக வாழ்ந்த வீடுகளை விட்டுக்கொடுத்திருக்கிறோம். ஒருநாள் திரும்பி வருவோம். ஊரை அன்பாக நடத்தியதற்கு நன்றி' என்பதுதான் அதன் சாரம்.

கவனித்தீர்களா? அதில் கோபம் இல்லை, புலம்பல் இல்லை. வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் 'கொஞ்சம் பார்த்துக்கோங்க' என்று சொல்வது போன்ற தொனிதான். நடக்காத ஒன்றுக்கு முன்கூட்டியே நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள் என்பதுதான் இன்றைக்குப் படிக்கிறவர்களைக் கலங்க வைக்கிறது.

போர் முடிந்த பிறகும் ஏன் திருப்பித் தரவில்லை?

1945-ல் போர் முடிந்தது. ஆனால் அமைதி வரவில்லை. சோவியத் யூனியனுடன் பனிப்போர் தொடங்கியது. டாங்கிப் பயிற்சிக்கு நிலம் இன்னும் தேவை என்றது ராணுவம். 1948-ல் அந்த நிலம் கட்டாயக் கொள்முதல் உத்தரவின் கீழ் கொண்டுவரப்பட்டது.

இங்கே ஒரு சட்ட வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். போர்க்காலத்தில் நிலத்தைக் கையகப்படுத்துவது தற்காலிகமானது. இரவல் வாங்குவது மாதிரி, தேவை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். கட்டாயக் கொள்முதல் என்பது வேறு. உரிமையே அரசின் பெயருக்கு மாறிவிடும். அதன் பிறகு 'எப்போது திருப்பித் தருவீர்கள்?' என்ற கேள்விக்கே இடமில்லை.

நிலத்துக்கான இழப்பீடு யாருக்கு? நிலத்தின் உரிமையாளருக்குத்தான். வாடகைக் குடிகளாக இருந்தவர்களுக்கு, தோட்டத்தில் விளைந்து நின்ற காய்கறிகளுக்கான தொகை மட்டுமே கிடைத்தது என்று சொல்லப்படுகிறது. எத்தனை தலைமுறை வாழ்ந்தோம் என்பதற்குச் சட்டத்தில் விலை இல்லை. அவ்வளவுதான்!

மீட்கப் போராட்டம் நடந்ததா?

நடந்தது, ஆனால் தாமதமாக. 1968-ல் ராட்னி லெக் என்ற எழுத்தாளர் டைன்ஹாம் செயல்பாட்டுக் குழுவைத் தொடங்கினார். நிலத்தை ராணுவம் விட்டுத்தர வேண்டும் என்பது கோரிக்கை.

ராணுவ நிலங்களைப் பற்றி ஆராய நியமிக்கப்பட்ட நூஜென்ட் பிரபு தலைமையிலான குழு, 1973-ல் அறிக்கை கொடுத்தது. லல்வொர்த் பயிற்சித் தளத்தை வேறு இடத்துக்கு மாற்றலாம் என்றும் பரிந்துரைத்தது. ஆனால் அரசு அதை ஏற்கவில்லை.

ஒரே பலன், பொதுமக்களுக்குக் கதவு திறந்தது. 1970-களின் நடுவிலிருந்து, துப்பாக்கிச் சூடு இல்லாத நாட்களில் ஊருக்குள் போய்ப் பார்க்க அனுமதி கிடைத்தது. திரும்பி வரலாம், ஆனால் பார்வையாளராக மட்டும்!

இப்போது அங்கே என்ன இருக்கிறது?

பெரும்பாலான வீடுகளுக்குக் கூரை இல்லை, கல் சுவர்கள் மட்டும்தான் நிற்கின்றன. உள்ளே அடுப்பு இருந்த இடம் அப்படியே தெரியும். பாண்ட் குடும்பத்தின் பழைய மாளிகையின் பெரும்பகுதி 1960-களில் இடிக்கப்பட்டுவிட்டது.

முழுசாக நிற்பவற்றில் இரண்டு கட்டடங்கள் முக்கியமானவை. ஒன்று தேவாலயம், இப்போது ஊரின் வரலாற்றைச் சொல்லும் கண்காட்சிக் கூடம். இன்னொன்று பள்ளிக்கூடம். சின்ன மேசைகள், நோட்டுப் புத்தகங்கள், குழந்தைகளின் பெயர் எழுதிய கோட் மாட்டும் கொக்கிகள் என்று அந்தக் கால வகுப்பறையாகவே வைத்திருக்கிறார்கள்.

தபால் நிலையத்துக்கு வெளியே ஒரு டெலிபோன் பூத் நிற்கிறது. இங்கிலாந்து என்றதும் நினைவுக்கு வரும் சிவப்புப் பெட்டி இல்லை இது. அதற்கும் முந்தைய கான்கிரீட் மாடல். இதிலும் ஒரு கதை இருக்கிறது. 1929-ல் வைத்த அசல் பூத், 1985-ல் 'காம்ரேட்ஸ்' என்ற திரைப்படத்தின் படப்பிடிப்பின்போது உடைந்துவிட்டது. இப்போது நிற்பது அதே மாடலில் கொண்டுவந்து வைத்த மாற்று!

காலம் உறைந்து நிற்கிறது என்பது உண்மையா?

டைன்ஹாமைப் பற்றிப் பேசும் பலரும் 'காலம் உறைந்த ஊர்' என்பார்கள். கேட்க அழகாக இருக்கும், ஆனால் முழு உண்மை இல்லை.

பார்வையாளர்களை நெகிழ வைக்கும் அந்தப் பள்ளிக்கூடம் 1943-ல் மூடப்பட்டது இல்லை. 11 ஆண்டுகள் முன்பே, 1932-லேயே மூடப்பட்டுவிட்டது. காரணம், படிக்கப் பிள்ளைகள் இல்லை. அதாவது, ராணுவம் வருவதற்கு முன்பே ஊர் சிறுத்துக்கொண்டுதான் இருந்தது.

ராணுவம் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அழகான கடற்கரைக்குப் பக்கத்தில் இருப்பதால், பணக்காரர்களின் விடுமுறை வீடுகளாக மாறியிருக்கலாம் என்ற வாதமும் உண்டு. ஆனால் ஒன்று நிச்சயம். ஊர் தானாகத் தேய்வதும், ஒரே மாதத்தில் காலி செய்யச் சொல்வதும் ஒன்றாகிவிடாது. முதலாவதில், போவதா இருப்பதா என்று ஒவ்வொரு குடும்பமும் தானே முடிவு செய்கிறது.

இன்னொரு எதிர்பாராத விளைவும் இருக்கிறது. நவீன விவசாயமும் பூச்சிக்கொல்லியும் கட்டுமானங்களும் இந்தப் பள்ளத்தாக்குக்குள் வரவே இல்லை. அதனால் செடிகள், பறவைகள், பட்டாம்பூச்சிகளுக்கு இது ஒரு புகலிடமாகிவிட்டது. மனிதர்களை விரட்டிய பீரங்கிதான் இயற்கைக்குக் காவலாக நிற்கிறது என்பது விசித்திரமான உண்மை.

டைன்ஹாம் மட்டும்தானா?

இல்லை. இங்கிலாந்தில் காணாமல் போன கிராமங்கள் ஏராளம். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம்.

* இம்பர்: வில்ட்ஷயர் மாவட்டத்தில் உள்ள இந்த ஊரும் 1943 டிசம்பரில்தான் காலி செய்யப்பட்டது. இங்கே 47 நாட்கள் அவகாசம். ஊர்க் கொல்லர் தன் பட்டடைக் கல்லின் மேல் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார் என்ற கதை இன்றும் சொல்லப்படுகிறது. வருடத்தில் சில நாட்கள் மட்டுமே பொதுமக்களுக்கு அனுமதி.

* வாரம் பெர்சி: யார்க்ஷயரில் உள்ள இந்த ஊரின் கடைசிக் குடும்பங்கள் சுமார் 1500-ல் வெளியேற்றப்பட்டன. காரணம் செம்மறி ஆடுகள்! பயிர் செய்வதைவிடக் கம்பளியில் லாபம் அதிகம் என்று நில உரிமையாளர்கள் கணக்குப் போட்டார்கள். 1950 முதல் 1990 வரை 40 ஆண்டுகள் ஒவ்வொரு கோடையிலும் இங்கே அகழாய்வு நடந்தது. இப்படி மத்திய காலத்தில் கைவிடப்பட்ட கிராமங்கள் இங்கிலாந்து முழுக்க ஏறக்குறைய 3,000 இருக்கும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

* டெர்வென்ட்: டெர்பிஷயரில் உள்ள இந்த ஊர், 1940-களில் லேடிபவர் அணைக்கட்டு நீரில் மூழ்கியது. கடும் வறட்சி வரும்போது இடிபாடுகள் வெளியே தலைகாட்டும்.

திரும்பிப் போனவர்களே இல்லையா?

இருக்கிறார்கள்! டெவன் மாவட்டத்தின் ஸ்லாப்டன் கடற்கரைப் பகுதியிலும் 1943-ன் இறுதியில் சுமார் 3,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். நார்மண்டி படையிறக்கத்துக்கு அமெரிக்கப் படைகள் அங்கேதான் ஒத்திகை பார்த்தன. படையிறக்கம் முடிந்தது, ஒத்திகைக்கு வேலை இல்லை. 1944-லிருந்தே மக்கள் திரும்பத் தொடங்கிவிட்டார்கள்.

அதே போர், அதே குளிர்காலம், அதே தியாகம். ஒரு ஊருக்கு வீடு திரும்பக் கிடைத்தது, இன்னொன்றுக்குக் கிடைக்கவில்லை. எது முடிவு செய்தது? மக்கள் செய்த தியாகத்தின் அளவு இல்லை, ராணுவத்துக்கு அந்த இடம் எவ்வளவு காலம் தேவைப்பட்டது என்பதுதான்.

பார்க்கப் போகலாமா?

போகலாம். பெரும்பாலான வார இறுதிகளிலும் பொது விடுமுறை நாட்களிலும் அனுமதி உண்டு. ஆனால் போவதற்கு முன்பு திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம். சிவப்புக் கொடி பறந்தால் பயிற்சி நடக்கிறது என்று அர்த்தம், உள்ளே போகவே கூடாது. குறியிட்ட பாதையை விட்டு விலகவும் கூடாது. ஏன்னா, வெடிக்காத குண்டுகள் இன்னும் மண்ணுக்குள் கிடக்கின்றன.

வயலில் கலப்பை போக வேண்டிய மண்ணில் குண்டுகள் கிடக்கின்றன என்பதே, ஊரை ஏன் அவ்வளவு எளிதாகத் திருப்பிக் கொடுத்துவிட முடியாது என்பதற்கான பதிலும் கூட. 'கொஞ்ச நாளைக்குத்தான்' என்று வாங்கப்படும் நிலம், கொடுத்தபோது இருந்த நிலமாகத் திரும்பி வருவதில்லை.

அந்தத் தேவாலயத்துக்குள் நுழைகிறவர்கள் இன்றும் அந்தக் கடிதத்தைப் படிக்கிறார்கள். அதில் கேட்டிருந்தவை இரண்டே விஷயங்கள். ஊரை நல்லபடியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒருநாள் திரும்ப விட வேண்டும். தேவாலயமும் பள்ளிக்கூடமும் நிற்பதால், முதல் கோரிக்கை ஓரளவுக்காவது நிறைவேறியிருக்கிறது. இரண்டாவதைக் கேட்க வேண்டியவர்கள்தான் இப்போது இல்லை.