கத்தி பிடிக்கும் கை
ஊரும் ஒழுங்கும் – 12

2016-ஆம் ஆண்டு மே மாதத்தில், சென்னை மருத்துவக் கல்லூரியில் இறுதியாண்டு பயின்றுகொண்டிருந்த 22 வயது வாலிபர் ஒருவர், தலையில் முடி நட்டுக்கொள்ளும் பொருட்டு நுங்கம்பாக்கத்தில் இருந்த ஒரு நிலையத்துக்குச் சென்று, மயக்க மருந்து செலுத்தப்பட்ட பின் உடல்நிலை குலைந்து, வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் உயிர் நீத்தார். அந்த நிலையம் முடிதிருத்தகமாக நடத்துவதற்கு மட்டுமே அனுமதி பெற்றிருந்தது என்ற செய்தி அதன் பிறகே வெளிவந்தது. அதிகாரிகள் பூட்டி முத்திரை வைத்ததும், தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் சம்பந்தப்பட்டவர்கள் மீது நடவடிக்கை எடுத்ததும் எல்லாம் பிராணன் போன பிற்பாடுதான். வைத்திய சாஸ்திரத்தையே ஆண்டுக்கணக்கில் பயின்ற ஒருவருக்கே தாம் படுத்திருப்பது வைத்தியசாலையா, முடிதிருத்தகமா என்று பகுத்தறிய வழியில்லாமற் போயிற்றென்றால், அந்த வழியை மற்றவர்கள் எங்கே போய்த் தேடுவது?

எங்கள் உத்திரமேரூரிலிருந்து நாள்தோறும் கம்பெனி பஸ் ஏறி ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வேலைக்குப் போய்வரும் இளைஞர்களில் ஒருவன், வீட்டில் பெண் பார்க்கத் தொடங்கிய சமயம், தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினான். முன்தலை வழுக்கை விழுந்த படம் ஒன்று, அதனருகே முடி அடர்ந்த படம் ஒன்று. கீழே வேர் ஒன்றுக்கு இத்தனை ரூபாய் என்ற கணக்கு. மாதத் தவணை வசதி உண்டு என்ற வாக்குறுதி. ஓரத்தில் வெள்ளை அங்கி அணிந்த ஒருவரின் சிரித்த முகம். அந்த முகத்துக்குப் பெயரும் இல்லை, பட்டமும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை.

“டாக்டருன்னு போட்டிருக்காங்களே, ஐயா. அப்புறம் என்ன பயம்?” என்றான். அங்கே போன் செய்து அந்தப் பதிவு எண்ணைக் கேட்கச் சொன்னேன். “நேர்ல வாங்க சார், எல்லாம் சொல்றோம்” என்று மறுமுனையில் பதில் வந்தது.

அவனுடைய ஆசையைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. பெண் வீட்டார் முதலில் பார்ப்பது போட்டோவை. அதில் நெற்றி ஏறியிருந்தால் ஜாதகத்தைக்கூடத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். தீக்காயத் தழும்போடும் வெண்புள்ளியோடும் திருமண வீட்டுக்குப் போகக் கூசிப் பந்தலுக்கு வெளியே நின்றவர்களை அறிந்தவர் எவரும், தோற்றத்தைச் செம்மைப்படுத்தும் வைத்தியத்தை வீண் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட மாட்டார். ஆட்சேபம் சிகிச்சையின் மேல் அன்று. அதைச் செய்யும் கை எது என்று யாரும் கேளாதிருப்பதன் மேல்.

நோயாளி ஒருவரின் வயிற்றைக் கிழிக்கும்போது, கிழிக்காவிட்டால் நேரும் ஆபத்து ஒரு தட்டிலும், கிழிப்பதால் நேரும் ஆபத்து மற்றொரு தட்டிலும் வைத்து நிறுக்கப்படுகின்றன. முடி நடுவதிலும் கொழுப்பு உறிஞ்சுவதிலும் முதல் தட்டில் வைக்க ஒன்றுமே இல்லை. படுத்திருப்பவர் ஆரோக்கியமானவர். ஆகவே மற்ற எந்தச் சிகிச்சைக்கும் வேண்டியதைவிட அதிகமான எச்சரிக்கை இங்கே வேண்டும். நடைமுறையிலோ எல்லாவற்றையும்விடக் குறைந்த எச்சரிக்கையே காணப்படுகிறது.

முடி நடுதல் ஏதோ தலைக்கு எண்ணெய் தேய்ப்பது போன்ற காரியம் என்று எண்ணுவோர் பலர். ஒரு மில்லிமீட்டருக்கும் குறுகிய துளைக்கருவியால் பின்தலையிலிருந்து வேர்களை ஒவ்வொன்றாக எடுத்து, முன்தலையில் ஒவ்வொன்றாக ஊன்றுவதற்குப் பல மணி நேரமாகும். அத்தனை நேரமும் தலைத்தோல் மரத்திருக்க லிக்னோகைன் என்ற மருந்தை ஊசியால் ஏற்றிக்கொண்டே இருக்கவேண்டும். அட்ரினலின் சேர்த்துக் கொடுத்தாலும் உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 420 மில்லிகிராம், அதாவது 2 சதவீதக் கரைசலில் 21 மில்லி. எல்லை மீறினால் முதலில் உதட்டைச் சுற்றி மரத்துப் போகும், காதில் இரைச்சல் கேட்கும், பிறகு வலிப்பு வரும், இருதயம் நிற்கும். அந்த முதற்குறியைக் கண்டதும் ஊசியை நிறுத்தி, பிராணவாயு கொடுத்து, உயிரை மீட்கும் கருவிகளைக் கையாளத் தெரிந்தவர் அதே அறையில் இருந்தாக வேண்டும்.

அந்தந்த வேலைக்கு அதை அறிந்தவரே வேண்டும் என்ற இந்த விவேகம் நம் மண்ணுக்குப் புதிதன்று. உத்திரமேரூருக்கு வடகிழக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் சங்கமமாகும் திருமுக்கூடல் பெருமாள் கோயிலில், 11-ஆம் நூற்றாண்டு வீரராஜேந்திர சோழன் காலத்துச் சாசனம் ஒன்று இருக்கிறது. அக்கோயிலைச் சார்ந்த வேதபாடசாலையினருக்கும் பணியாளருக்கும் அமைந்த ‘வீரசோழன்’ என்னும் ஆதுலர் சாலையின் (மருத்துவமனையின்) ஏற்பாடுகளைச் சொல்லும் அச்சாசனம், 15 கட்டில்களைக் குறிப்பிட்டதோடு நில்லாமல், நாடி பார்த்து மருந்து கொடுக்கும் வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் என்றும், சல்லியக்கிரியை பண்ணுவானுக்கு 30 கலம் நெல் என்றும், நாவிதனுக்கு 15 கலம் என்றும், மூலிகை கொண்டுவருவோர், பணிவிடை செய்யும் பெண்டிர், தண்ணீர் கொணர்வோர் என ஒவ்வொருவரையும் தனித்தனியே வகுத்துச் சொல்கிறது. வைத்தியர் வேறு, கத்தி எடுப்பவர் வேறு, சவரக்கத்தி பிடிப்பவர் வேறு என்ற பாகுபாடு கல்லில் வெட்டப்பட்டு, படிக்கத் தெரிந்த எவரும் படிக்கும்படி நிற்கிறது. அதற்கும் பல நூற்றாண்டுகள் முற்பட்ட சுசுருத சம்ஹிதையோ, மாணாக்கன் பூசணியிலும் சுரையிலும் அறுத்துப் பழகி, கண்டும் செய்தும் தேர்ந்து, அரசனுடைய அனுமதியும் பெற்ற பின்னரே தொழிலில் பிரவேசிக்க வேண்டும் என்று விதிக்கிறது.

நம் காலத்து அரசாங்கமோ, 1914-ஆம் வருஷத்து மதராஸ் வைத்தியப் பதிவுச் சட்டத்தின் காலந்தொட்டு, வைத்தியர் யார் என்பதைப் பதிவேட்டில் எழுதி வைத்துக்கொண்டு வருகிறது. அவர் எதைச் செய்யப் பழகியவர் என்ற கேள்விக்கு வரும்போதுதான் தயங்குகிறது. சிறப்புத் தகுதி இல்லாத ஒருவர் தம்மைச் சிறப்பு வைத்தியர் என்று சொல்லிக்கொள்ளலாகாது என்றும், பதிவு எண்ணைச் சிகிச்சை அறையிலும் மருந்துச் சீட்டிலும் பணம் பெற்ற ரசீதிலும் காட்டவேண்டும் என்றும் 2002-ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் கூறுகின்றன. ஆனால் அந்த விதிகள் கட்டுப்படுத்துவது வைத்தியரை. இன்று விளம்பரம் செய்வதோ கம்பெனி. சம்பளத்துக்கு அமர்ந்த வைத்தியரின் பெயர் வெளியே வராத வரையில் விதி அவரையும் தொடுவதில்லை, அந்தக் கம்பெனியையும் தொடுவதில்லை. என்னுடைய நெடுநாளைய மனக்குறை இது.

தனியார் சிகிச்சை நிலையங்களை ஒழுங்குபடுத்தும் சட்டத்தைத் தமிழ்நாடு 1997-லேயே இயற்றியது. அதை நடைமுறைப்படுத்தும் விதிகள் வந்தது 2018-ல். இடையே 21 வருஷங்கள் அந்தச் சட்டம் காகிதமாகவே கிடந்தது. நுங்கம்பாக்கத்துச் சம்பவம் அந்த இடைவெளிக்குள்ளேதான் நேர்ந்தது என்பதை எண்ணும்போது நெஞ்சு பொறுக்கவில்லை. பின்னர், டெல்லியில் முடி நட்டுக்கொண்ட ஒருவர் இறந்து, விவகாரம் அங்குள்ள உயர்நீதிமன்றத்துக்குப் போன பிறகு, 2022-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் சில வழிகாட்டுதல்களை வெளியிட்டது: அழகியல் சிகிச்சைகளை அதற்குரிய முறையான பயிற்சி பெற்ற வைத்தியரே செய்யவேண்டும், பயிலரங்கில் பார்த்ததும் யூடியூபில் பார்த்ததும் பயிற்சி ஆகாது. யூடியூபைப் பெயர் சொல்லி விலக்கவேண்டிய நிலைக்கு ஒரு நாட்டின் வைத்திய ஆணையம் வந்துவிட்டதே என்று நான் வருந்தினேன். சொல்லியாவது வைத்தார்களே என்ற ஆறுதலும் கூடவே உண்டாயிற்று.

இவ்வளவு கட்டுப்பாடு விதித்தால் செலவு ஏறும், செலவு ஏறினால் ஏழைகள் போலிகளிடம் போவார்கள் என்று சில வைத்தியர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. அதற்கு ஆஸ்திரேலியா கண்ட மார்க்கம் கவனிக்கத்தக்கது. 2023 ஜூலை முதல் அங்கே அழகு அறுவை சிகிச்சைக்கு முன் பொது வைத்தியர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும்; சம்மதம் தந்த பின்னும் யோசித்துப் பார்க்க ஏழு நாளேனும் கழியவேண்டும். அதே ஆண்டில், உரிய அறுவைப் பயிற்சி முடிக்காத வைத்தியர் தம்மை ‘சர்ஜன்’ என்று அழைத்துக்கொள்வதையும் சட்டம் தடுத்துவிட்டது. ஒரு கடிதத்துக்கும் ஏழு நாள் பொறுமைக்கும் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

நம் மாவட்டத்துக்கு வேண்டியது அதனினும் எளிது. பதிவு பெற்ற ஒவ்வொரு நிலையமும், அங்கே கத்தியோ ஊசியோ லேசரோ கையாளும் வைத்தியரின் பெயர், பதிவு எண், அவர் பயின்ற துறை, அவர் அங்கே செய்யும் சிகிச்சைகள் ஆகியவற்றைத் தமிழில் எழுதி வாசலில் மாட்டவேண்டும். விளம்பரத்திலும் அந்தப் பெயரும் எண்ணும் இடம்பெற வேண்டும். காஞ்சிபுரத்தில் நலப்பணிகள் இணை இயக்குநர் பராமரிக்கும் நிலையங்களின் பதிவேட்டின் நகல் ஒன்றை, உத்திரமேரூர் அரசு மருத்துவமனை வாசலில், புறநோயாளிச் சீட்டு வாங்க வரிசையில் நிற்பவர்கள் கண்ணில் படும்படி ஒட்டிவைக்க, புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. கலெக்டர் கையொப்பமிட்ட ஒரு சுற்றறிக்கை போதும்.