குப்பைக் குழியில் வளர்ந்த நாற்றுப் பண்ணை

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில், கிழக்கு பிரன்ஸ்விக் பகுதியில் மெர்ரி என்ற ஓடை ஓடுகிறது. அதன் கரையில் ஒரு காலத்தில் கட்டடங்களுக்குக் கருங்கல் வெட்டிய குவாரி இருந்தது. பிறகு அந்தப் பள்ளத்தில் ஊர்க் குப்பையைக் கொட்டினார்கள். 1982-ல் அக்கம்பக்கத்து மக்கள் அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து மரம் நடத் தொடங்கினார்கள். அதுதான் இன்றைய 'செரஸ்' சமூகப் பூங்கா. சுமார் பத்து ஏக்கர்.

ஆளுக்கொரு பாத்தியாகப் பயிரிடும் சமூகத் தோட்டம், பலர் சேர்ந்து வளர்க்கும் கோழிகள், பள்ளிப் பிள்ளைகளுக்குச் சூழலியல் வகுப்புகள், உணவகம் என அங்கே பார்க்க நிறைய உண்டு. ஆனால், நின்று பார்க்க வேண்டிய இடம் நர்சரிதான்.

செரஸ் லாப நோக்கமற்ற அமைப்பு. நாற்று விற்ற காசு எந்த முதலாளி வீட்டுக்கும் போவதில்லை. பூங்காவின் பணிகளுக்கே திரும்புகிறது. தோட்டம் போடுகிறவர் வாங்கும் ஒரு கீரை நாற்றும் அடுத்தவர் தோட்டத்துக்கு உதவுகிறது.

காசைவிடப் பெரிய உதவி, எதை எப்போது நட வேண்டும் என்ற பட்டத்தை நர்சரி சொல்லித் தருவது. மெல்பர்னில் பெரிய கடைகளுக்குக் குளிர் விடுமுன்பே தக்காளி நாற்று வந்துவிடும். ஆசையாக வாங்கி நட்டால், சில்லிட்ட மண்ணில் வேர் ஓடாது. செடி வாரக்கணக்கில் அப்படியே நிற்கும். உள்ளூர்க்காரர்களின் கணக்கு வேறு. நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை, மெல்பர்ன் கோப்பைக் குதிரைப் பந்தய நாளை ஒட்டித்தான் தக்காளி நட வேண்டும் என்பார்கள். நமக்கு ஆடிப்பட்டம் எப்படியோ, அவர்களுக்கு அந்தப் பந்தய நாள். நம் ஆடியில் அங்கே கடுங்குளிர்! ஊரை அறிந்த நர்சரிக்காரர்தான் இதையெல்லாம் சொல்ல முடியும்.

மண்ணைப் பற்றியும் கேட்டுக்கொள்வது நல்லது. பழைய பெயின்ட், பழைய பெட்ரோல் புகை ஆகியவற்றால் நகரின் பழைய குடியிருப்புகளில் மண்ணில் ஈயம் தங்கியிருக்கலாம். அங்கே தரையில் நேரடியாக நடாமல், உயர்த்திக் கட்டிய பாத்தியில் நல்ல மண்ணும் மக்கு உரமும் நிரப்பிக் கீரை போடுவதே பாதுகாப்பு.

இன்னொரு வேலையும் இத்தகைய நர்சரிகளால்தான் நடக்கிறது. மஞ்சள் பூப் பூக்கும் முர்னாங் கிழங்கு, அந்த மண்ணின் பூர்வகுடிகளான வுருண்ட்ஜெரி மக்களின் முக்கிய உணவு. 1830-களில் ஐரோப்பியர் கொண்டுவந்த ஆடுகள் அதை மேய்ந்து தீர்த்தன; சில ஆண்டுகளிலேயே ஒரு சமூகத்தின் உணவு கைவிட்டுப் போனது. விக்டோரியா மாநிலத்தின் உள்நாட்டுத் தாவர நர்சரிகள் இப்போது அதை மீண்டும் நாற்றாக வளர்த்துக் கொடுக்கின்றன. வெளியூரிலிருந்து லாரியில் பூச்செடி இறக்கும் கடை இந்த வேலையைச் செய்யாது.

மெல்பர்ன் போகிறவர்கள் 96-ஆம் எண் டிராமில் ஏறி, கிழக்கு பிரன்ஸ்விக் கடைசி நிறுத்தத்தில் இறங்கினால், செரஸுக்கு நடந்தே போய்விடலாம். தக்காளி நாற்று வேண்டுமென்றால் அக்டோபர் கடைசியில் போங்கள்.