ஒரு பெயர், பல முன்னோர்

பெயரன் என்னுஞ் சொல்லே பேரன் என வழங்குகின்றது. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் ஆதலின் அவன் பெயரன். யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் இவ்வழக்கம் நெடுங்காலம் நிலைத்திருந்தது. முன்னோர்பாற் கொண்ட பற்றைக் காட்டும் இவ்வழக்கமே, குலமுறையை ஆராயப் புகுவோருக்குப் பெருஞ் சிக்கலாகவும் அமைந்துவிடுகின்றது.

உதாரணமாக, வேலர் என்பாருக்குக் கந்தர் என ஒரு மகன் இருந்தார் என்க. கந்தர் தம் மகனுக்குத் தம் தந்தையின் பெயரையே இடுகின்றார். அம்மகன் வேலரும் அவ்வாறே தம் மகனுக்குக் கந்தர் எனப் பெயரிடுகின்றார். இப்பொழுது பாட்டனும் ‘வேலர் மகன் கந்தர்’; பேரனும் ‘வேலர் மகன் கந்தர்’. தகப்பன் பெயரைக் கொண்டும் இருவரை வேறுபடுத்தல் இயலாது. 1760 இல் எழுதிய சீதன ஓலையிலும், 1822 இல் எழுதிய விலையுறுதியிலும் இப்பெயரைக் கண்டு, இருவரையும் ஒருவராகக் கொள்வோர் இரண்டு தலைமுறைகளை இழந்துவிடுவர். இடையில் வாழ்ந்த வேலர் மறைந்துபோவார். அவருடைய மனைவியும், பெண்மக்களும், அவர்களுக்குரிய பங்கும் உடன் மறைந்துபோகும்.

அந்நியராட்சிக் காலத்துப் பதிவுகள் இச்சிக்கலை மேலும் வளர்த்தன. யாழ்ப்பாண இராச்சியத்தைப் போர்த்துக்கேயர் 1619 இலும், அவர்களிடமிருந்து ஒல்லாந்தர் 1658 இலும் கைப்பற்றினர். காணிகளையும் குடிகளையும் பதிந்த ஏடுகள் தோம்பு எனப்பட்டன. ஒல்லாந்தர் காலத்திற் பாடசாலைகளிலும் தோம்புகள் இருந்தன. ஞானஸ்நானமும் விவாகமும் அவற்றிற் பதியப்பட்டன. உத்தியோகம் பெறவும், விவாகத்தைச் சட்டப்படி நிலைநிறுத்தவும் இப்பதிவு வேண்டியிருந்தமையால், வீட்டிற் சைவராக வாழ்ந்தோர் பலரும் ஞானஸ்நானம் பெற்றனர். ஆதலின் தோம்பில் ஒரு பெயரும் ஊரில் வேறொரு பெயரும் ஒருவருக்கே வழங்கக்கூடும்.

ஆங்கிலேயர் காலத்திலும் இந்நிலை தோன்றிற்று. அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில், பொருளுதவி செய்த அமெரிக்கரின் பெயர்கள் மாணவர் பலருக்குச் சூட்டப்பட்டன. 1886 இல் வெளிவந்த பாவலர் சரித்திர தீபகத்தின் ஆசிரியர் ஆணல்ட் என்றும் சதாசிவம்பிள்ளை என்றும் அறியப்படுவது யாவருமறிந்ததே. ஒரு பெயரிற் பலர் இருப்பதுபோல, ஒருவருக்கே பல பெயர்கள் இருப்பதும் உண்டு.

இம்முடிச்சை அவிழ்க்க வழி யாது? முதலாவது, வயதுக் கணக்கு. 1760 இல் மணமகனாக இருந்தவர் 1822 இல் எண்பதைக் கடந்தவராயிருப்பார். அத்தகைய முதியவர் காணி விற்றிருத்தல் கூடாததன்று. ஆயினும் ஐயம் எழவேண்டிய இடம் அதுவே. இரண்டாவது, மனைவியின் பெயர். 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையின்படி, மனைவியின் சீதனக் காணியை அவள் சம்மதமின்றிக் கணவன் விற்றல் ஆகாது. ஆதலின் அத்தகைய உறுதிகளில் அவள் பெயரையுங் காணலாம். சீதன ஓலையில் ஒருத்தியும் விலையுறுதியில் மற்றொருத்தியும் மனைவியாகக் காணப்படின், மறுவிவாகமா, வேறொரு கந்தரா என வினவுதல் வேண்டும்.

மூன்றாவது, காணி. விற்பவருக்கு அக்காணி முதுசமாக வந்ததா, சீதனமாக வந்ததா, அவர் தேடிய தேட்டமா என்பதை உறுதி பெரும்பாலும் கூறும். மனிதரின் பெயர் மாறி மாறி வரினும், காணியின் பெயரும் நான்கெல்லையும் எளிதில் மாறுவதில்லை. அவற்றைப் பற்றிச் சென்றால் உரியவர் யாரென்பது தெளிவாகும். பெயர் ஒன்று மட்டும் ஒத்திருப்பது சான்றாகாது. வயது, மனைவி, காணி, குறிச்சி ஆகியவற்றுள் இரண்டேனும் ஒத்துவந்தாலன்றி இருவரை ஒருவராக எழுதலாகாது. ஆராய்ச்சியும் அறிந்த தலைமுறையிலிருந்தே படிப்படியாக மேலே செல்லவேண்டும். புகழ்பெற்ற முன்னோர் ஒருவரைத் தேர்ந்துகொண்டு அவரிடமிருந்து கீழிறங்கிவருவது ஆசைக்கு இடங்கொடுப்பதாகும்.

இஃது ஓய்வு நேரத்து விளையாட்டன்று. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. 2009 வரை நீடித்த போரில் இடம்பெயர்ந்தோர் பலர் தம் உறுதிகளையும் இழந்தனர். எஞ்சிய சில தாள்களைக் கொண்டே பேரப்பிள்ளைகள் தம் காணியையும் குலத்தையும் அறியவேண்டியிருக்கின்றது. பிழையாக வரைந்த ஒரு வம்சாவளி பத்து வீடுகளிற் பிரதிசெய்யப்பட்டால், பின்னர் அதனைத் திருத்துதல் அரிது.

சில வேளைகளில், இளமையில் இறந்த பிள்ளையின் பெயரையே அடுத்துப் பிறந்த பிள்ளைக்கும் இட்டனர். இருவரையும் ஒருவராக எழுதிவிட்டால், சில மாதங்களே வாழ்ந்த அக்குழந்தை பிறந்ததற்கே அடையாளமில்லாது போகும். பொறுமையோடு பதிவுகளைப் படிப்பவர் காணிக்குரிய பங்கை மட்டுமன்றி, மறக்கப்பட்ட அக்குழந்தைக்குரிய இடத்தையும் மீட்டுக் கொடுக்கின்றார்.