ஜலதோஷமும் சீசா மருந்தும்

ஐப்பசி அடைமழை தொடங்கிவிட்டால் தமிழ்நாட்டில் தும்மல் கேளாத வீடு இராது. முதல் நாள் ஒருவர் மூக்கைச் சிந்துகிறார், மறுநாள் இருவர், மூன்றாம் நாள் குழந்தைகளும் இருமத் தொடங்குகின்றன. அன்று மாலையே குடும்பத் தலைவர் மருந்துக் கடைக்குச் சென்று, “ஜலதோஷத்துக்கு ஏதாவது கொடும்” என்று கேட்கிறார். கடைக்காரரும் ஏதாவது கொடுத்துவிடுகிறார். அந்த ‘ஏதாவது’ எத்தன்மையது, அதற்குள் என்னென்ன சரக்குகள் அடங்கியிருக்கின்றன என்று விசாரிக்கும் வழக்கம் நம்மவரிடையே இல்லை. நூறு ரூபாய்க் கடன் பத்திரத்தை இரண்டு முறை படித்துப் பார்த்துக் கையெழுத்திடும் மனிதர், தம் குழந்தையின் வாயில் ஊற்றும் மருந்தின் மேற்சீட்டை ஒரு முறையேனும் படிப்பதில்லை. மேற்சீட்டைப் படித்தால் தப்பக்கூடிய ஆபத்துகள் சில உண்டு. படித்தாலும் தப்ப முடியாத ஆபத்தும் ஒன்று உண்டென்பதை 2025-ம் வருஷம் தேசம் கண்டது. முன்னதற்கு ஜனங்கள் பொறுப்பாளிகள். பின்னதற்குச் சர்க்கார் பொறுப்பாளி. இரண்டையும் பற்றி இன்று சில வார்த்தைகள் எழுத விரும்புகிறோம்.

மழையில் நனைந்ததால் ஜலதோஷம் வந்ததென்றும், தயிர்ச் சாதத்தால் வந்ததென்றும், தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டதால் வந்ததென்றும் நாம் சொல்லிக்கொள்கிறோம். அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் வியாதியேயாகும். அதை உண்டாக்கும் வைரஸ்கள் இருநூறு வகைக்கு மேற்பட்டவை. ரைனோ வைரஸ் என்னும் வகுப்பு அவற்றுள் தலைமையானது. ஒன்றை வென்ற சரீரத்துக்கு மற்றொன்று புதிதாகவே இருப்பதால், வயது வந்தவருக்கு வருஷத்தில் இரண்டு மூன்று தடவையும், சிறு குழந்தைக்கு ஆறு அல்லது எட்டுத் தடவையும் ஜலதோஷம் பிடிப்பது இயல்பு. தொண்டைக் கரகரப்பில் தொடங்கி, மூக்கு ஒழுகி, பின் அடைத்து, ஏழு முதல் பத்து நாட்களுக்குள் அது தானே விலகிவிடுகிறது. இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் தங்கிப் போவதும் உண்டு.

இன்புளுயன்சா என்னும் ஜுரத்தை ஜலதோஷத்தின் தமையன் என்று பலர் எண்ணுகின்றனர். அது வேறு குலத்தைச் சேர்ந்தது. அதன் வைரஸை மனிதரிடமிருந்து முதன்முதல் பிரித்தறிந்தது 1933-ம் வருஷம் லண்டனில். ஜலதோஷம் மெல்ல வரும். இன்புளுயன்சாவோ திடீரென்று தாக்கும். காலையில் கச்சேரிக்குப் போனவர், மாலையில் கடும் ஜுரமும் உடல் வலியும் கண்டு எழுந்திருக்கச் சக்தியற்றுப் படுத்துவிடுகிறார். 1918-ம் வருஷம் ஜூன் மாதத்தில் பம்பாய்த் துறைமுகத்தின் வழியாக வந்த இந்நோய், சில மாதங்களுக்குள் நம் தேசத்தில் ஒரு கோடிக்கு மேற்பட்ட ஜனங்களை மாய்த்தது. ஆகையால் கிழவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள், நீரிழிவு, ஆஸ்துமா, இருதய நோய் உடையவர்கள் ஆகியோருக்கு இது கண்டால் ‘வெறும் காய்ச்சல்’ என்று காத்திராமல் வைத்தியரிடம் போதல் அவசியம். ஓஸெல்டாமிவிர் என்னும் மருந்தை முதல் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் தக்க பலனுண்டு. வருஷந்தோறும் போட்டுக்கொள்ளத்தக்க தடுப்பூசியும் இருக்கிறது. 2020-ம் வருஷத்துக்குப் பின் கொரோனாவும் இதே வேஷத்தில் வருவதால், எச்சரிக்கை முன்னினும் அதிகமாகவே வேண்டியிருக்கிறது.

சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் உடனே ஆன்டிபயாடிக் மாத்திரை வேண்டுமென்பது படித்தவர்களிடமும் பரவியுள்ள ஒரு பிரமை. ஜலதோஷம் முதிரும்போது சளி நிறம் மாறுவது சகஜம். ஆன்டிபயாடிக் மருந்துகள் பாக்டீரியாக்களை எதிர்ப்பவை; வைரஸை அவை தொடுவதேயில்லை. ஒருவர் பட்ட கடனுக்கு அண்டை வீட்டார் மேல் வழக்குத் தொடுப்பதை ஒத்த காரியம் இது. வழக்காவது தள்ளுபடியாவதோடு போகும். இம்மாத்திரைகளை வீணே விழுங்குவதால் நம் சரீரத்திலுள்ள பாக்டீரியாக்கள் அவற்றுக்குப் பழகி, மெய்யாகவே நிமோனியா வந்த நாளில் மருந்து செல்லாமற் போகிறது. பெனிசிலினைக் கண்டறிந்த பிளெமிங் துரையே 1945-ம் வருஷம் நோபல் பரிசு பெற்றபோது, முறையற்ற உபயோகத்தால் இக்கேடு விளையுமென்று எச்சரித்தார்.

இனி மருந்துகளுக்கு வருவோம். ஜலதோஷத்தை நீக்கும் மருந்து உலகில் எங்கும் இல்லை. கடையில் விற்பவையெல்லாம் உபத்திரவத்தைத் தணிப்பவையே. ஆதலால், “ஜலதோஷத்துக்கு மருந்து” என்று கேட்பதை விட்டு, என்னைத் தற்போது வருத்துவது எது, ஜுரமா, மூக்கடைப்பா, இருமலா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொண்டு, அதற்குரிய ஒரு மருந்தை மட்டும் வாங்குவதே விவேகம்.

ஜுரத்துக்கும் உடல் வலிக்கும் பாரஸிடமால் போதுமானது. வயது வந்தவர் 500 மில்லிகிராமிலிருந்து 1000 மில்லிகிராம் வரையில், நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளி விட்டு உட்கொள்ளலாம். ஒரு நாளைக்கு 4000 மில்லிகிராமைத் தாண்டலாகாது. கல்லீரல் நோயுள்ளவர்களும் மதுப் பழக்கமுள்ளவர்களும் இதனினும் குறைத்துக்கொள்ள வேண்டும். இங்கே ஒரு சூழ்ச்சியைக் கவனியுங்கள். தலைவலிக்கென்று ஒரு மாத்திரை, ஜலதோஷத்துக்கென்று வேறொரு மாத்திரை, இரவில் வெந்நீரில் கரைத்துக் குடிக்க ஒரு தூள் ஆக மூன்று பெயர்களில் மூன்று சரக்கு வாங்குகிறோம். சீட்டைப் படித்தால் மூன்றிலும் பாரஸிடமால் இருக்கும். கூட்டிப் பார்ப்பவர் யார்? கல்லீரல்தான் கணக்கு வைக்கிறது. மழைக்காலத்து ஜுரமெல்லாம் இன்புளுயன்சாவுமல்ல; டெங்குவாகவும் இருக்கலாம். அது நிச்சயமாகும் வரையில் ஆஸ்பிரினும் ஐபுபுரோபெனும் உதிரப் போக்கை அதிகரிக்குமாகையால் அவற்றைத் தொடலாகாது. குழந்தைகளுக்கோ ஜுரத்தில் ஆஸ்பிரின் எப்போதுமே கூடாது.

மூக்கடைப்புக்காக மாத்திரைகளிலும் சிரப்புகளிலும் சேர்க்கப்படும் பினைலெப்ரின் என்னும் சரக்கின் சரித்திரம் விநோதமானது. முன்பு அவ்விடத்தில் சூடோஎபெட்ரின் என்னும் மருந்து இருந்தது. அதிலிருந்து சிலர் போதைச் சரக்குக் காய்ச்சத் தொடங்கவே, அமெரிக்காவில் அதன் விற்பனைக்குக் கட்டுப்பாடு வந்தது. மருந்துக் கம்பெனிகள் அதன் ஸ்தானத்தில் பினைலெப்ரினை அமர்த்தின. ஆனால் வாய் வழியாக உட்கொண்டால் இது மூக்கை எட்டுமுன்பே குடலிலும் கல்லீரலிலும் பெரும்பாலும் சிதைந்துவிடுகிறது. 2023-ம் வருஷம் செப்டம்பரில் அமெரிக்க சர்க்காரின் நிபுணர் குழு, இதனால் மூக்கடைப்பு நீங்குவதில்லை என்று ஏகமனதாகத் தீர்மானித்தது; 2024-ம் வருஷம் நவம்பரில் இதை அங்கீகாரப் பட்டியலிலிருந்து நீக்க அந்நாட்டு மருந்து நிர்வாகம் பிரேரணை வெளியிட்டது. நம் கடைகளிலோ ஜலதோஷ மாத்திரைகளில் பலவற்றில் இதுவே பாதி பங்காளி. மூக்கில் விடும் சைலோமெட்டசோலின் சொட்டு மருந்து மெய்யாகவே அடைப்பைத் திறக்கும். எனினும் ஐந்து நாட்களுக்கு மேல் விட்டால் அதுவே அடைப்பை வளர்க்கும். இரத்த அழுத்தமுள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் இவற்றை நாடலாகாது. தீங்கற்றதும் மலிவானதும் உப்பு நீர்ச் சொட்டுதான்.

குளோர்பெனிரமின் முதலியவை மூக்கொழுகலைச் சிறிது அடக்கும். அதற்கு விலையாகத் தூக்கம் வரும். இதை உட்கொண்டவர் வண்டி ஓட்டலாகாது. புராஸ்டேட் வீக்கமுள்ள முதியவர்க்கு இதனால் மூத்திரம் கட்டிக்கொள்ளுதலும் உண்டு. இருமல் சிரப்புகளைப் பற்றிச் சொல்லவே வெட்கமாயிருக்கிறது. இருமலை அடக்கும் சரக்கையும், சளியை இளக்கி இருமி வெளியேற்றச் செய்யும் சரக்கையும் ஒரே சீசாவில் ஊற்றி விற்றார்கள். வாதிக்கும் பிரதிவாதிக்கும் ஒருவரே ஆஜராவதை எந்த நியாயஸ்தலம் அனுமதிக்கும்? இத்தகைய கலப்பு மருந்துகள் 344-ஐ மத்திய சர்க்கார் 2016-ம் வருஷம் தடுத்தது. கம்பெனிகள் ஹைகோர்ட்டுக்கும், பின் விவகாரம் சுப்ரீம் கோர்ட்டுக்கும் சென்று, மறு பரிசீலனைக்குப் பின் 2018-ம் வருஷம் செப்டம்பரில்தான் 328-க்குத் தடை நிலைபெற்றது. 2023-ம் வருஷம் ஜூனில் மேலும் 14 தடுக்கப்பட்டன. அவற்றுள் இருமல் மருந்துகள் பல.

நம் வீட்டு வைத்தியத்தைப் பற்றி என்ன சொல்கிறீர் என்று நேயர்கள் கேட்கலாம். சுக்கு வெந்நீர், மிளகு ரசம், கற்பூரவல்லிச் சாறு, உப்பு நீர்க் கொப்பளிப்பு ஆகியவை தொண்டைக்கு இதம் தருவன. தேவையான நீரையும் சரீரத்துக்குச் சேர்ப்பன. தேன் குழந்தைகளின் இரவு இருமலைத் தணிக்கிறதென்று பரீட்சைகளிலும் கண்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு வயது நிரம்பாத சிசுவுக்கு அது விஷமாகக்கூடும், நாக்கில் தடவுவதும் தகாது. ஆவி பிடிப்பதில் பெரியவர்களுக்குச் சற்றுச் சுகமுண்டு. குழந்தையை ஒரு குண்டான் வெந்நீருக்கு மேல் போர்வை போட்டு உட்கார வைப்பது வெந்து புண்ணாவதற்கே வழி. சுதேசியமென்பதால் மட்டும் ஒன்று நோயைத் தீர்த்துவிடாது. மூச்சுத் திணறல், மூன்று நாளைத் தாண்டிய ஜுரம், தணிந்து மறுபடி ஏறும் ஜுரம், குழந்தை பால் குடியாமை இவற்றைக் கண்டால் கஷாயத்தையும் சிரப்பையும் ஒருங்கே வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

நிற்க. 2025-ம் வருஷம் நடந்த கொடுமைக்கு வருகிறோம். அவ்வருஷம் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாரா பிரதேசத்தில், சாதாரண ஜலதோஷத்துக்கும் இருமலுக்கும் மருந்து குடித்த குழந்தைகள் மூத்திரம் நின்று, சிறுநீரகம் பழுதாகி மாண்டனர். இறந்தோர் இருபதுக்கு மேற்பட்டவர். பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்டவர். அந்த சிரப் செய்யப்பட்ட இடம் நம் காஞ்சிபுரம் ஜில்லா. தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா பரிசோதித்ததில், அதில் டை எதிலீன் கிளைகால் என்னும் நஞ்சு நூற்றுக்கு 48.6 பங்கு இருந்தது. அனுமதிக்கத்தக்க அளவு நூற்றுக்கு 0.1 பங்கு. அந்த சிரப்பிலிருந்த சரக்குகள் பாரஸிடமால், பினைலெப்ரின், குளோர்பெனிரமின். பின்னிரண்டும் சேர்ந்த கலப்பை நான்கு வயதுக்குட்பட்டவர்க்குக் கொடுக்கலாகாதென்று சீட்டிலேயே அச்சிட வேண்டுமென 2023-ம் வருஷம் டிசம்பரில் மத்திய அதிகாரி உத்தரவிட்டிருந்தார். ஆக, அக்குழந்தைகளிற் பலருக்குத் தேவையே இல்லாத மருந்து அது, அதிலும் நஞ்சு.

இந்நஞ்சு எங்கிருந்து வருகிறது? மருந்துச் சரக்கைக் கரைப்பதற்குக் கிளிசரினோ புரோபிலீன் கிளைகாலோ வேண்டும். டை எதிலீன் கிளைகால் பார்வைக்கும் இனிப்புக்கும் அவற்றைப் போன்றது, விலையோ குறைவு. யந்திரத் தொழிலுக்குரிய மலிவுச் சரக்கை வாங்கி, பரிசோதியாமல் ஊற்றினால் முடிந்தது. இது புதிய பாடமுமல்ல. 1937-ம் வருஷம் அமெரிக்காவில் இதே திரவத்தில் கரைத்த மருந்தைக் குடித்து நூற்றுக்கு மேற்பட்டவர் மாண்டனர். மறு வருஷமே அந்நாடு புதுச் சட்டம் செய்துகொண்டது. நம் தேசத்திலோ 1972-ல் சென்னையிலும், 1986-ல் பம்பாயிலும், 1998-ல் குர்கானிலும், 2020-ல் ஜம்முவிலுள்ள ராம்நகரிலும் இதே நஞ்சு உயிர்களைக் குடித்தது. 1901-ம் வருஷம் ஆசாரியர் பிரபுல்ல சந்திர ராய் கல்கத்தாவில் வங்காள ரசாயனக் கம்பெனியை அமைத்தது, மருந்துக்கு அந்நியனை எதிர்பார்க்கும் இழிவு நீங்குவதற்காக. அவ்விழிவு நீங்கிற்று, நம் மருந்து உலகெங்கும் செல்கிறது. ஆனால் 2022-ம் வருஷம் ஆப்பிரிக்காவிலுள்ள காம்பியாவில் எழுபது குழந்தைகள் வரையில் மாண்டபோது, உலக சுகாதார ஸ்தாபனம் சுட்டிக் காட்டியது ஹரியானாவில் செய்த சிரப்புகளையே.

அதன் பின் சர்க்கார் செய்தது என்ன? வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் இருமல் சிரப்பை அங்கீகரிக்கப்பட்ட சர்க்கார் சோதனைச் சாலையில் பரீட்சித்துச் சான்று பெற்ற பின்னரே கப்பலேற்ற வேண்டுமென்று, 2023-ம் வருஷம் ஜூன் முதல் தேதியிலிருந்து விதித்தது. சரியே. ஆனால் உள்நாட்டில் விற்கும் சிரப்புக்கு அத்தகைய விதி இருக்கவில்லை! அந்நிய தேசத்துக் குழந்தைக்கு ஒரு நீதி, சிந்த்வாராவின் குழந்தைக்கு ஒரு நீதி என்பதே அதன் பொருள். அதே 2023-ம் வருஷத்தில், தரம் குன்றிய மருந்து பற்றிய ஒரு வகைக் குற்றத்தை அபராதம் கட்டிச் சமரசம் செய்துகொள்ளவும் பார்லிமெண்டு வழி வகுத்தது. இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கையில் நமக்கு உண்டாகும் ஆத்திரத்தை அடக்கிக்கொண்டே இதை எழுதுகிறோம்.

நம்முடைய ஊழியர்கள் அறியாத ஆயுதம் ஒன்று 1940-ம் வருஷத்து மருந்துச் சட்டத்திலேயே இருக்கிறது. அதன் 26-வது பிரிவின்படி, மருந்தை விலைக்கு வாங்கிய எவரும், அங்கீகாரம் பெற்ற நுகர்வோர் சங்கமும், உரிய மனுவோடு கட்டணத்தைச் செலுத்தி, அதைச் சர்க்கார் பரிசோதகரிடம் சோதனைக்கு அனுப்பி, அவர் கையெழுத்திட்ட அறிக்கையைப் பெறலாம். 32-வது பிரிவின்படி, பாதிக்கப்பட்டவரும் அத்தகைய சங்கமும் தாமே வழக்குத் தொடரலாம். இன்ஸ்பெக்டருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஜில்லாவுக்கு ஒரு சங்கம், மழைக்காலத்தில் மாதம் நான்கு சீசாக்களைக் கடைகளில் வாங்கிச் சோதனைக்கு அனுப்புமாயின், அதன் செலவு ஒரு பொதுக்கூட்டத்தின் செலவை எட்டாது. வாங்கும்போது ரசீதைக் கேட்டுப் பெறுங்கள். பாட்ச் நம்பரும் காலாவதித் தேதியும் ரசீதில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். சீசாவைக் காலியாகும் முன் எறிந்துவிடாதீர்கள். அறிக்கை வந்ததும் அதன் நகலை நமக்கு அனுப்பினால், மருந்தின் பெயரோடும் பாட்ச் நம்பரோடும் இப்பக்கத்தில் பிரசுரிக்கிறோம்.